யெகொவும் யெகொவும்: பொத்துவிலில் ஒரு ஸ்பானிய வினை வகுப்பு (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தின் தென்கரையில், பொத்துவிலை ஒட்டியிருக்கும் அறுகம்குடாவுக்கு ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காக வெளிநாட்டார் வருகிறார்கள். ஸ்பெயின் நாட்டவர் பெரும்பாலும் ஓகஸ்டில் விடுமுறை எடுப்பதால் அந்த மாதத்தை ஒட்டிக் கடற்கரைத் தெருவில் ஸ்பானிய மொழி காதில் விழும். ஆர்ஜென்டீனாவிலிருந்து வருவோரும் அதே மொழியை வேறு சாயலோடு பேசுவார்கள். அறுகம்குடாவில் தொழில் செய்யும் சிலர் அந்த மொழியைக் கொஞ்சமாவது கற்க விரும்பினார்கள். நான் மட்டக்களப்பில் தமிழும் ஆங்கிலமும் கற்பிப்பவன். வெளிநாட்டில் உணவகமொன்றில் வேலை செய்த ஆண்டுகளில் ஸ்பானிய மொழியைப் பேசவும் பிறகு முறையாக எழுதவும் கற்றிருந்தேன். சனி, ஞாயிறு இரவுகளில் இஷாத் தொழுகைக்குப் பின், ஒரு தங்குமிடத்தின் மொட்டைமாடியில் வகுப்பு நடத்துவதென்று ஏற்பாடாயிற்று.

கற்க வந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் மூவரைப் பற்றியே இந்த ஆய்வு அதிகம் பேசும். ஒருவர் நாற்பது வயது கடந்த முச்சக்கர வண்டி ஓட்டுநர். மற்றவர்கள் எல்லாரும் அவரைக் காக்கா என்றே அழைத்தார்கள், நானும் அப்படியே அழைத்தேன். இன்னொருவர் கோமாரியைச் சேர்ந்த இளம்பெண். உயர்தரத்தில் தமிழைப் பாடமாக எடுத்துச் சித்தியடைந்தவர், குடும்பத்தின் சிறிய விடுதியில் கணக்கு வழக்குப் பார்ப்பவர். மூன்றாமவர் அலைச்சறுக்குப் பயிற்றுநரான இளைஞர். ஆர்ஜென்டீன விருந்தினரோடு பழகியே மொழியைக் காதால் பிடித்தவர், எழுத்தில் ஆர்வம் குறைந்தவர். மற்ற மூவரில் இருவர் சமையல் வேலையிலும் ஒருவர் குமண சரணாலயத்துக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டித் தொழிலிலும் இருந்தார்கள்.

பேசுவதற்கு வினைச்சொல்லே முதற்தேவை என்பதால் வினைகளிலிருந்து தொடங்கினேன். நான் வைத்திருந்த ஒழுங்கு இது: முதலில் சொல்லை அசைகளாகப் பிரிப்பது, அடுத்து அசைகளை எண்ணி அழுத்தம் விழும் இடத்தைக் கண்டுபிடிப்பது, கடைசியாகச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துக் காலமும் இடமும் (தன்மை, முன்னிலை, படர்க்கை) அறிவது. பாடநூல்கள் பலவற்றில் இருக்கும் ஒழுங்கு அதுதான். அது ஏன் எங்களுக்குப் பொருந்தவில்லை என்பதே இங்கே பதியப்படுகிறது.

எழுத்துமுறை குறித்து ஒரு சொல்

இந்தக் கட்டுரையில் ஸ்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் தருகிறேன். கோடு அசைப் பிரிப்பைக் காட்டும். கூட்டற்குறி உறுப்புப் பிரிப்பைக் காட்டும். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ′ என்ற குறி நிற்கும். எல்லா உயிர்களையும் வேண்டுமென்றே குறிலாக எழுதியிருக்கிறேன். ஸ்பானிய மொழியில் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை, அழுத்தம் மாற்றும். தமிழில் நிலைமை நேரெதிர். பல், பால் என்ற வேறுபாட்டில் வளர்ந்த காது அழுத்தத்தை நீட்டமாகவே வாங்கிக்கொள்ளும். இதை வகுப்பின் முதல் நாளில் நான் சொல்லவில்லை. அன்று கரும்பலகையில் கண்டபடி நெடில்களைப் போட்டு எழுதியது நான்தான்.

முதல் ஆறு வாரங்களில் காணப்பட்டவை

முதல் சிக்கல் ‘அசை’ என்ற சொல்லிலேயே இருந்தது. ‘எடு’ என்று பொருள்படும் வினையின் முழுவடிவம் (காலமும் இடமும் ஏறாத அகராதி வடிவம்) தொ-′மர், இரண்டு அசை. கோமாரித் தங்கச்சி அதை ஒன்று என்று எண்ணினார். வருவது, வந்துசேர்வது என்ற பொருளுடைய யெ-′கர் என்பதையும் ஒன்று என்றார். காத்திரு என்ற எஸ்-பெ-′ரர் மூன்று அசையாக இருக்க, இரண்டு என்று எழுதினார். கவனக்குறைவு என்று நினைத்து இரண்டு முறை திருத்தினேன். மூன்றாம் முறை அவர் கொப்பியைக் காட்டி, “சேர், தொமர் குறிலிணை ஒற்று, நிரையசை. அதை எப்படி ரெண்டா வெட்டுறது?” என்று கேட்டார்.

அவர் சொன்னது யாப்பிலக்கணப்படி முற்றிலும் சரி. தனிக்குறிலும் தனிநெடிலும், ஒற்றோடு வந்தாலும் இல்லாவிட்டாலும், நேரசை. குறிலிணையும் குறில்நெடிலும் நிரையசை. நிரையசைக்குள் உயிர்கள் இரண்டு உண்டு. ஸ்பானிய மொழி கேட்கும் அசையோ ஒரு வாய்த்திறப்புக்குள் அடங்கும் உயிரும் அதைச் சார்ந்த மெய்களும் மட்டுமே. ஒரே சொல்லால் நான் இரண்டு வேறு அளவுகோல்களைக் குறித்திருந்தேன். யாப்புப் படிக்காத மற்ற ஐவரும் தப்பித்துக்கொள்ள, ஒழுங்காகப் படித்தவர் மட்டும் மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது, மெய் எந்தப் பக்கம் சேரும் என்பது. தமிழில் புள்ளி வைத்த எழுத்து முன்னுள்ள உயிரோடு ஒட்டும். கண்ணாலும் அப்படித்தான் படிக்கிறோம். பாடு என்ற கன்-′தர், புறப்படு என்றும் பகிர் என்றும் பொருள்தரும் பர்-′திர் ஆகியவற்றில் இந்தப் பழக்கம் சரியான விடையையே தந்தது. ஆனால் பேசு என்ற அ-′ப்லர் என்பதை எல்லாரும் அப்-லர் என்று வெட்டினார்கள். திற என்ற அ-′ப்ரிர் அப்-ரிர் ஆயிற்று. நுழை என்ற என்-′த்ரர் என்த்-ரர் ஆயிற்று. பகர, ககர, ஃபகர வரிசை ஒலிகளுக்குப் பின் ரகரமோ லகரமோ வந்தால், அல்லது தகர வரிசை ஒலிகளுக்குப் பின் ரகரம் வந்தால், அந்த இணை பிரியாமல் அடுத்த உயிரோடு போகும் என்பது ஸ்பானிய மரபு. தமிழில் சொல்லுக்கு முதலில் ப்ல, த்ர என்று வராது என்பதால் அசைக்கு முதலிலும் அதை நிறுத்த நாக்கு மறுக்கிறது. இது விதியைச் சொல்லிப் பயிற்சி கொடுத்தவுடன் தீர்ந்துவிடுகிற சிறிய பிரச்சினை. இரண்டு வாரங்களில் தீர்ந்தும் விட்டது.

மூன்றாவதுதான் பெரியது. நிகழ்கால ‘நான்’ வடிவமும் இறந்தகால ‘அவர்’ வடிவமும் பல வினைகளில் ஒரே எழுத்துகளால் ஆனவை. ′யெ-கொ என்றால் நான் வருகிறேன். யெ-′கொ என்றால் அவர் வந்தார். ′ப-கொ நான் காசு கொடுக்கிறேன், ப-′கொ அவர் கொடுத்தார். எஸ்-′பெ-ரொ நான் காத்திருக்கிறேன், எஸ்-பெ-′ரொ அவர் காத்திருந்தார். எழுத்தில் கடைசி உயிரின் தலையில் ஒரு சாய்ந்த கீற்று மட்டுமே வேறுபாடு. காக்காவின் கொப்பியில் இரண்டுமே ‘யேகோ’ என்றிருந்தன. தங்கச்சியின் கொப்பியில் இரண்டுமே ‘யெகோ’ என்றிருந்தன. அவர் கணக்கில் அது ஒரே நிரையசை. அழுத்தம் முன் அசையிலா பின் அசையிலா என்ற கேள்வியே அங்கே எழ முடியாது, ஏனென்றால் முன், பின் என்று பிரிய அங்கே இரண்டு அசை இல்லை.

ஜூன் கடைசியில் இறந்தகாலத்தைத் தனியாக எடுத்துப் பயிற்சி கொடுத்தேன். அ-′ப்லொ, யெ-′கொ, ப-′கொ, தொ-′மொ என்று மாடி அதிர எல்லாரும் சேர்ந்து கடைசி அசையை உயர்த்திச் சொன்னார்கள். அன்றைய வகுப்பு மிக நன்றாக நடந்ததென்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

யூலை: ஒரு குரல் பதிவு

யூலை நடுப்பகுதியில் ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் பாணமைப் பக்கமுள்ள பீனட் ஃபார்ம் கடற்கரைக்கு விடியற்காலையில் போக விரும்பிக் காக்காவிடம் பேசியிருந்தார்கள். நேரம் மட்டும் முடிவாகவில்லை. அன்றிரவு எட்டு மணியளவில் அவர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம், கற்றதைப் பயன்படுத்த வேண்டுமென்ற ஆசையில் ஸ்பானிய மொழியிலேயே சொன்னார். ஆறு மணிக்கு வருகிறேன் என்பது அவர் சொல்ல நினைத்தது. ஸ்பானிய மொழியில் எழுவாயை விட்டுவிடலாம். வினையின் விகுதியே யார் என்று சொல்லிவிடும். அவர் வாயிலிருந்து வந்தது யெ-′கொ. ஆறு மணிக்கு வந்தார்.

அந்தத் தம்பதியரின் தோழி ஒருவர் அன்று எல்லவிலிருந்து பஸ்ஸில் வந்து சேர வேண்டியிருந்தது; காக்காவுக்கும் அது தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். தோழி மாலை ஆறு மணிக்கே வந்துவிட்டார், வேறெங்கோ தங்கியிருக்கிறார் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். அவருடைய கைபேசியும் அப்போது இயங்கவில்லை. இரவு பத்து மணிவரை விடுதி விடுதியாக விசாரித்துத் திரிந்தபின், தாமதமாக வந்த பஸ்ஸிலிருந்து தோழி இறங்கினார். காலைப் பயணத்தைப் பற்றி ஓட்டுநர் ஒன்றும் உறுதி சொல்லவில்லை என்ற எண்ணத்தில் அவர்கள் விடுதிக்காரர் மூலம் வேறு வண்டியை ஒழுங்குசெய்தார்கள். காக்கா ஆறு மணிக்குச் சரியாக வாசலில் நின்றார். அவர்கள் ஐந்தரைக்கே போய்விட்டிருந்தார்கள்.

அவர் கோபப்படவில்லை, அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருந்து சனிக்கிழமை எனக்குப் போட்டுக் காட்டினார். “சேர், எழுத்தெல்லாம் சரிதானே? என்ன பிழை உட்டேன்?” என்றார். மூன்று முறை கேட்டேன். எழுத்தில் பிழையில்லை. கடைசி அசை, ஜூன் வகுப்பில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து உயர்த்திய அதே உயரத்தில் இருந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அன்றிரவே வகுப்பை நிறுத்தி, ஆறு பேரின் கொப்பிகளையும் வாங்கிப் பார்த்தேன். அசை, அழுத்தம், உறுப்பு என்ற மூன்றும் ஒரே சொல்லின் மேல் விழும் மூன்று வேறு வெட்டுகள் என்பதும், அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை என்பதும் எவருடைய கொப்பியிலும் தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்தோம் என்ற பொருளுடைய ஒரு வடிவத்தை எடுத்தால் இது விளங்கும். அசைப்படி அது அ-′ப்ல-ப-மொஸ். உறுப்புப்படி அப்ல் + அ + ப + மொஸ். முதல் வெட்டு லகரத்தை அடுத்த உயிரோடு அனுப்புகிறது. இரண்டாவது வெட்டு அதே லகரத்தைப் பகுதியிலேயே விட்டுவைக்கிறது. அசை வாய்க்கு உரியது, உறுப்பு பொருளுக்கு உரியது. நான் அசையில் தொடங்கியதால், பகுதி என்பதே அசையின் எல்லையில் முடிவதாக மாணவர்கள் எண்ணிக்கொண்டார்கள். ‘பேசு’ என்ற வினையின் பகுதி ‘அ’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

முதல் முடிவு, ஒழுங்கைத் தலைகீழாக்குவது. உறுப்பிலிருந்து தொடங்கி, அழுத்தத்துக்குப் போய், அசையைக் கடைசிக்குத் தள்ளினேன். இதற்குக் காரணம் எங்கள் மாணவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. பகுபத உறுப்பிலக்கணத்தைப் பாடசாலையில் தொட்டுப் பார்க்காதவர் அவர்களில் இல்லை; நடந்தோம் என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி என்று பிரித்து ஒருமுறையாவது எழுதியிருக்கிறார்கள். ஸ்பானிய வினையும் பகுதியை முன்னும், காலத்தை நடுவிலும், இடத்தையும் எண்ணையும் இறுதியிலும் வைக்கிறது. மொஸ் என்பது நம் ஓம். ப என்பது இறந்தகாலத் தொடர்வினையின் இடைநிலை. ஸகர ஒற்று ‘நீ’, னகர ஒற்று ‘அவர்கள்’. ஆங்கிலத்தின் வழியாக இதை விளக்கியபோது அரை மணி நேரம் பிடித்தது. நடந்தோம் என்பதைக் கரும்பலகையில் எழுதி அதன் கீழே ஸ்பானிய வடிவத்தை எழுதியபோது ஐந்து நிமிடத்தில் விளங்கியது. இவ்வளவு காலம் தமிழ் கற்பித்த ஒருவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது முடிவு, ‘அசை’ என்ற சொல்லை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு ‘தட்டு’ என்று சொல்வது. மேசையில் ஒரு தட்டுக்கு ஓர் உயிர். ஆனால் வெறுமனே தட்டினால் எல்லாத் தட்டும் சமமாகிவிடும், அழுத்தம் மறைந்துவிடும் என்பதால் அழுத்தமுள்ளதை உள்ளங்கையாலும் மற்றவற்றை ஒற்றை விரலாலும் தட்டச் சொன்னேன்.

மூன்றாவது முடிவில் எனக்குத் தயக்கம் இருந்தது. தமிழெழுத்தில் குறிப்பெடுப்பதை முழுதாக நிறுத்தலாமா என்று யோசித்தேன். காக்காவுக்கு உரோமன் எழுத்தை வாசிக்க நேரம் பிடிக்கும். அதைக் கட்டாயமாக்கினால் அவர் வகுப்பை விட்டுவிடுவார் என்று தோன்றியது. ஆகவே தமிழெழுத்தை வைத்துக்கொண்டு, நெடிலை மட்டும் தடைசெய்து, அழுத்தமுள்ள தட்டைச் சிவப்புப் பேனையால் வட்டமிடச் சொன்னேன்.

சாரியை என்று அழைக்கலாமா

அப்ல் + அ + ப + மொஸ் என்பதில் இரண்டாவதாக நிற்கும் அகரத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஸ்பானிய வினைகள் முழுவடிவத்தில் அர், எர், இர் என்று மூன்று விதமாக முடியும். அந்தந்த வகுப்பின் உயிர் பகுதிக்கும் இடைநிலைக்கும் நடுவே வந்து நிற்கும். தங்கச்சி அதைச் சாரியை என்றார். இடத்தைப் பார்த்தால் சாரியை போலத்தான் இருக்கிறது. சாரியைக்குத் தனிப்பொருள் இல்லை; இந்த உயிரோ வினை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று சொல்கிறது. தமிழில் அந்தச் செய்தியை நமக்குத் தருவது, ஒரு வினை ‘த்’தை ஏற்கிறதா ‘ட்’டை ஏற்கிறதா ‘இன்’னை ஏற்கிறதா என்ற இடைநிலைத் தேர்வு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றுக்கு இரவல் பெயர் வைப்பதில் எனக்கு விருப்பமில்லாததால் ‘வகுப்புயிர்’ என்று சொல்லிக்கொண்டோம். தங்கச்சி மட்டும் கடைசிவரை கொப்பியில் சாரியை என்றே எழுதினார். ஓரிரு தடவை, சாரியை வந்தும் வராமலும் இருக்கலாம் என்ற தமிழ் நினைவில் அதை விட்டும் எழுதினார். பெயர் பிழையானால் பிழை அங்கிருந்தே முளைக்கும் என்பதற்கு ‘அசை’க்குப் பிறகு இது இரண்டாவது சான்று.

அழுத்தம் எந்த உறுப்பில் இருக்கிறது

ஒழுங்கை மாற்றியதன் பெரிய பயன் இங்கேதான் தெரிந்தது. அசைகளைக் கடைசியிலிருந்து எண்ணி அழுத்தத்தைத் தேடும்போது ஒவ்வொரு வடிவமும் தனித்தனி விதிவிலக்காகத் தெரிந்தது. உறுப்பைப் பிரித்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு காலத்துக்கும் அழுத்தம் ஓர் உறுப்பில் நிலையாக இருக்கிறது.

தொடர் இறந்தகாலத்தில் அது எப்போதும் பகுதிக்கு அடுத்த உயிரில்: அ-′ப்ல-ப, அ-′ப்ல-பஸ், அ-′ப்ல-ப-மொஸ், அ-′ப்ல-பன். இந்த நான்கில் மூன்றாவதற்கு மட்டும் எழுத்தில் கீற்று இடவேண்டும். ஏனென்று எண்ணித்தான் மாணவர்கள் குழம்பியிருந்தார்கள். அழுத்தம் நகரவே இல்லை. மொஸ் என்ற விகுதி ஒரு தட்டைக் கூட்டியதால் கடைசியிலிருந்து எண்ணும் கணக்குத்தான் மாறியது. எதிர்காலத்தில் அழுத்தம் எப்போதும் முழுவடிவத்தோடு ஒட்டும் இறுதியின் முதல் உயிரில்: அ-ப்ல-′ரெ, அ-ப்ல-′ரஸ், அ-ப்ல-′ரெ-மொஸ். இந்த இறுதிகள் ஒரு காலத்தில் தனியே நின்ற துணைவினையின் எச்சங்கள். முழுவடிவத்தோடு ஒட்டிக்கொண்டபோதும் தங்கள் அழுத்தத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சாதாரண இறந்தகாலத்தின் ஒழுங்கான வினைகளிலும் அழுத்தம் பகுதியைத் தாண்டியே விழும். யெ-′கொ அந்த வகை.

நிகழ்காலம்தான் பிரிந்து நிற்கிறது. நான், நீ, அவர், அவர்கள் என்ற நான்கு வடிவங்களில் அழுத்தம் பகுதியின் மேல். நாங்கள், நீங்கள் என்ற இரண்டில் வகுப்புயிரின் மேல். ′யெ-கொ, ஆனால் யெ-′க-மொஸ். இந்தப் பிரிவைக் காதால் பிடித்தவருக்குப் பகுதியின் உயிர் மாறும் வினைகளும் இலவசமாகக் கிடைக்கும். திரும்பி வா என்ற பொல்-′பெர், நான் என்று வரும்போது ′ப்வெல்-பொ ஆகிறது. நாங்கள் என்று வரும்போது பொல்-′பெ-மொஸ் என்று பழையபடி நிற்கிறது. எண்ணு, சொல் என்ற கொன்-′தர் அதேபோல் ′க்வென்-தொ, கொன்-′த-மொஸ். அழுத்தம் ஏறினால் அந்த உயிர் இரட்டிக்கிறது, இறங்கினால் பழைய நிலைக்கு வருகிறது. எல்லா வினைக்கும் இது நடப்பதில்லை. தொ-′மர் எந்த வடிவத்திலும் ஒகரத்தை மாற்றாது.

இந்த இடத்தில் அலைச்சறுக்குத் தம்பி எங்களுக்கு எதிர்பாராத சான்று தந்தார். ‘உன்னால் முடியும்’ என்பதற்கு நான் ′ப்வெ-தெஸ் என்று கற்பிக்க, அவர் பொ-′தெஸ் என்றே சொல்லிவந்தார். பிழை என்று பலமுறை திருத்தியிருந்தேன். அது பிழையல்ல. ஆர்ஜென்டீனாவில் ‘நீ’ என்பதற்கு வேறு பெயர்ச்சொல் வழங்குகிறது. அதற்குரிய நிகழ்கால வினையில் அழுத்தம் இறுதி அசைக்குப் போய்விடுகிறது. அழுத்தம் பகுதியிலிருந்து போய்விட்டதால் பகுதியின் உயிரும் இரட்டிக்கவில்லை. ‘உன்னிடம் இருக்கிறது’ என்பதும் அப்படியே: ′த்யெ-நெஸ் அல்ல, தெ-′நெஸ். நான் கரும்பலகையில் விதியாக எழுதியதை அவருடைய வாய் முன்பே நிரூபித்துக்கொண்டிருந்தது. அவருடைய வாடிக்கையாளர் பெரும்பாலும் அந்த நாட்டவர் என்பதால் அவர் வழக்கையே வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு வழக்கையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமலிருந்தால் போதும் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு நடந்தவை

ஓகஸ்டில் வகுப்பு ஒழுங்காக நடக்கவில்லை. எல்லாருக்கும் வேலை மிகுந்த மாதம். வந்தபோது பயிற்சியை எப்போதும் இணை இணையாக வைத்தேன்: ′யெ-கொ, யெ-′கொ, எஸ்-′பெ-ரொ, எஸ்-பெ-′ரொ. முடிவு என்ற பெயர்ச்சொல்லான ′தெர்-மி-நொ, நான் முடிக்கிறேன் என்ற தெர்-′மி-நொ, அவர் முடித்தார் என்ற தெர்-மி-′நொ ஆகிய மூன்றும் சமையல்காரர் இருவருக்கும் பிடித்துப்போய், அடுப்படியிலும் அதைச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

காக்கா வண்டியின் கைப்பிடியில் தட்டிப் பழகினார். ‘எனக்காகக் காத்திருங்கள்’ என்ற எஸ்-′பெ-ரெ-மெ அவருக்கு அடிக்கடி தேவைப்படும் சொல். எஸ்-′பெ-ரெ என்ற ஏவலோடு ‘மெ’ என்ற சொல் ஒட்டினாலும் அழுத்தம் அசைவதில்லை, கீற்று மட்டும் புதிதாகத் தோன்றும் என்பதை அவரே மொஸ் விகுதியோடு ஒப்பிட்டுச் சொன்னார். அவர் அனுப்பிய அடுத்த பதிவுகளில் ‘வருகிறேன்’ சரியாகவே இருந்தது. ஆனால் பழைய பயிற்சியின் தழும்பு வேறிடத்தில் வெளிப்பட்டது. ‘அவர் வந்தார்’ என்பதற்குரிய இன்னொரு வினை ′பி-நொ. அது ஒழுங்கற்ற இறந்தகாலம், அழுத்தம் பகுதியில்தான் விழும், எழுத்தில் கீற்றும் கிடையாது. அவர் அதை பி-′நொ என்றே சொன்னார், இன்னமும் சில வேளை சொல்கிறார். தானாகச் சொல்லும்போது கிடைத்த முன்னேற்றம் பிறர் சொல்வதைக் கேட்கும்போது கிடைக்கவில்லை. வேகமாகப் பேசும் விருந்தினர் எந்த வடிவத்தைச் சொன்னார் என்று அவரால் பெரும்பாலும் பிரித்தறிய முடியவில்லை.

தங்கச்சி எழுத்தில் எல்லாரையும் தாண்டிப் போனார். மாற்று என்ற கம்-′ப்யர் ‘நான்’ வடிவத்தில் ′கம்-ப்யொ என்று இரண்டு தட்டாக நிற்க, அனுப்பு என்ற என்-′ப்யர் மட்டும் ஏன் என்-′பி-ஒ என்று மூன்று தட்டாகிறது என்று கேட்டார். முழுவடிவத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது; வினையைக் கற்கும்போதே ‘நான்’ வடிவத்தையும் சேர்த்துக் கற்பதுதான் வழி என்று சொன்னேன். அவருக்கு அந்த விடை திருப்தி தரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வழிகாட்டிக்கு ஒரு தனிச் சிக்கல் வந்தது. வழிகாட்டு என்ற வினையின் ‘அவர் வழிகாட்டினார்’ வடிவம் அவர் வைத்திருந்த பழைய புத்தகமொன்றில் கீற்றோடும், கைபேசி அகராதியில் கீற்றின்றியும் இருந்தது. 2010 இல் ஸ்பானிய அரச கழகமும் மற்ற நாடுகளின் கழகங்களும் சேர்ந்து வெளியிட்ட எழுத்திலக்கணம், அதை எழுத்தளவில் ஓரசைச் சொல்லாகவே கொண்டு கீற்றை நீக்கியது. சொல்லும்போது அதை இரண்டு அசையாகப் பிரிக்கும் மக்கள் ஸ்பெயினில் இப்போதும் இருக்கிறார்கள். எழுதும் அசையும் பேசும் அசையும் அந்த மொழிக்குள்ளேயே ஒன்றாக இல்லை என்று அறிந்தபோது, யாப்பசையால் பட்ட பாட்டை நினைத்துத் தங்கச்சி சிரித்தார்.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

அடுத்த வகுப்பை, அலைச்சறுக்குக் காலம் தொடங்கும் முன், பெப்ரவரியிலேயே ஆரம்பிப்பதாகப் பேசியிருக்கிறோம். முதல் நாளில் நடந்தோம் என்ற சொல்லையும் அதன் கீழே அப்ல் + அ + ப + மொஸ் என்பதையும் எழுதித் தொடங்குவேன். அசை பற்றிய பாடம், கீற்றிடும் விதி தேவைப்படும் நாளில்தான் வரும். வரும்போது முதலில் நேர், நிரை என்ற இரண்டையும் நினைவுபடுத்தி, இது அது அல்ல என்று சொல்லிவிட்டுத் தொடங்கும்.

எந்தக் காலத்தையும் தனியாக எடுத்துக் கூட்டமாக உரக்கச் சொல்லும் பயிற்சியை இனி வைப்பதில்லை. ஜூன் மாத இரவில் ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னது எனக்கு மகிழ்ச்சி தந்தது. எவருடைய அழுத்தம் எங்கே விழுந்தது என்பது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் கைபேசியில் தனியாகப் பதிவு செய்து, மற்றொருவர் அதைக் கேட்டு ‘வருகிறேன்’ என்றாரா ‘வந்தார்’ என்றாரா என்று எழுத வேண்டும் என்பது புதிய ஒழுங்கு. கேட்கும் பயிற்சி இல்லாமல் போனது இம்முறை நடந்த குறைகளில் பெரியது என்றே கருதுகிறேன்.

தமிழ் வாக்கியத்தின் இசையும் கவனிக்கப்பட வேண்டும். அந்தக் குரல் பதிவை மறுபடி கேட்டபோது, காக்கா நேரத்தைச் சொல்லும் இடத்திலும் குரலைச் சற்று ஏற்றியிருந்தது தெரிந்தது. ஆறு மணிக்கு வாறேன், சரியா, என்று தமிழில் கேட்கும் அதே ஏற்றம். வினையின் இறுதி உயர்ந்ததற்கு ஜூன் பயிற்சி எவ்வளவு காரணம், இந்த ஏற்றம் எவ்வளவு காரணம் என்பதை ஒரே பதிவை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பெப்ரவரியில் முதல் வாரமே, பாடம் எதுவும் தொடங்கும் முன், ஆறு பேரிடமும் தமிழில் ஒன்றும் ஸ்பானிய மொழியில் ஒன்றுமாக இரண்டு பதிவு வாங்கி வைப்பதாக இருக்கிறேன். காக்கா அந்தப் பழைய பதிவை இன்னும் அழிக்கவில்லை. அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.